சேந்தியாருக்கு அரசி அனுப்பும் நான்காம் ஓலை

நன்மை பெருகுக. நெடுவயல் நாட்டின் வயலும் ஆறும் காக்கும் உரிமை பூண்டவரும், வழக்கில் ஒருபக்கம் சாயாதவர் என்று குடிகள் போற்றுபவருமாகிய இளநங்கைப் பெருந்தேவியார், ஆழிவாயில் அரண்மனையிலிருந்து, ஆற்றுக்கு அக்கரையில் புன்னைத்துறையில் வாழும் ஆசிரியை சேந்தியாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஊரில் மழை தவறாது பெய்க. தங்கள் தொழுவத்தில் பால் குறையாதிருக்க. தங்கள் முழங்கால் வலி தணிக. இந்தக் கடைசி வாழ்த்து ஓலை மரபில் இல்லாதது; அரசியார் சொன்னபடியே எழுதப்பட்டது.

முடிசூட்டுக்கு முந்தைய மாலையில் படித்துறையில் நடந்த பேச்சை முதலில் நினைவூட்டுமாறு அரசியார் பணிக்கிறார். அரியணை ஏறுபவருக்குக் கற்பித்தவர் அதன்பின் தலைநகரில் தங்கலாகாது, அரசருக்கு மேல் ஒருவர் இருப்பதாகக் குடிகள் எண்ணிவிடக் கூடாது என்பது இந்நாட்டு வழக்கம். அவ்வழக்கப்படி தாங்கள் படகேறினீர்கள். ஏறும்போது, இனி உன்னைத் திருத்த எவருக்கும் துணிவு வராது, ஆகையால் உன்னை நீயே திருத்திக்கொள் என்றீர்கள். அதற்கு அரசியார், படகில் குடை ஏற்றியாயிற்றா என்று கேட்டார். குடை பிடிக்க ஆள் வருமுன்பே மழையில் நனைந்து வளர்ந்தவள் நான் என்று தாங்கள் சிரித்தீர்கள். அன்று வானத்தில் ஒரு மேகமும் இல்லை. தாய் முகம் அறியாத தம்மைப் பேச்சும் எழுத்தும் வழக்கு கேட்கும் முறையும் கற்பித்து வளர்த்தவர் புறப்படும் வேளையில், கேட்க வந்ததை விட்டுவிட்டுக் குடையைப் பற்றிக் கேட்டோமே என்று அரசியார் இன்றுவரை தம்மையே நொந்துகொள்கிறார்.

அதன்பின் அனுப்பிய ஓலைகளின் கதை தாங்கள் அறியாதது. அரச முத்திரை எவரிடமும் எதையும் வேண்டாது, ஆணை மட்டுமே இடும் என்பது ஓலைக்கூடத்தின் விதி. அரசர் வாயால் எதைச் சொன்னாலும் ஓலைநாயகம் அதை ஆணையாக்கியே எழுதுவார். இது அரசியாருக்கு அப்போது தெரியாது. எழுதி முத்திரையிட்ட ஓலையை அரசர் மீண்டும் படித்துப் பார்ப்பதும் இங்கு வழக்கமில்லை.

முதல் ஓலையில், தாங்கள் நலமா, தங்கள் நினைவாகவே இருக்கிறது என்று அரசியார் சொன்னார். நலமாயிருக்கக் கடவீர் என்று ஓலை சென்றது. ஆணைப்படி நலமாக இருக்கிறேன் என்று தங்கள் மறுமொழி வந்தது. அரசியார் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பின்பு, அவருக்கு என்மேல் என்ன கோபம் என்று தோழியரிடம் கேட்டார்.

இரண்டாம் ஓலையில், தாங்கள் போடும் நாரத்தங்காய் ஊறுகாயின் சுவை அரண்மனைச் சமையலில் ஒருநாளும் வருவதில்லை என்று குறைபட்டுக்கொண்டார். ஊறுகாய் அனுப்பக் கடவீர் என்று ஓலை சென்றது; சில நாளில் ஊறுகாய்ச் சாடிகள் படகில் வந்து இறங்கின. பண்டசாலையார் அவற்றைப் புன்னைத்துறை செலுத்தும் வரியாக ஏற்றுப் பூட்டிவைத்தார். மறு ஆண்டு, ஊறுகாய் வரி ஏன் வரவில்லை என்று கேட்டு ஊர்த்தலைவரின் வாசலில் சேவகரை நிறுத்தினார். இது அண்மையில்தான் அரசியாரின் செவிக்கு எட்டியது. அன்று அரசியாரின் வாயால் பண்டசாலையார் கேட்ட சொற்களை ஓலையில் எழுதுவது முறையன்று. அவர் காதைப் பொத்திக்கொண்டு வெளியேறியதைப் பலரும் கண்டார்கள் என்பது மட்டும் தங்கள் மகிழ்ச்சிக்காக எழுதப்படுகிறது. தமக்கு வந்த ஊறுகாயில் ஒரு துண்டும் தம் வாயில் படவில்லை என்பதே அரசியாரின் பெருங்குறை.

மூன்றாம் ஓலையே பெருந்துன்பம் செய்தது. வரும் தை மாதம் அரசியார்க்கும் மேற்குக் கோட்டைத் தலைவர் நன்மாறனார்க்கும் திருமணம். மணமகளின் கையைத் தாய் எடுத்து மணமகன் கையில் வைக்க வேண்டும். அந்த இடத்தில் நிற்கும் உரிமை தமக்கே என்று அரசியாரின் அத்தைமார் மூவரும் அரண்மனையை அல்லோலப்படுத்துகிறார்கள். மூத்தவர் உண்ணாமல் படுத்திருக்கிறார். இடையவர் அவருக்கு ஒளித்துப் பால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வெளியே வந்து அவரையே ஏசுகிறார். தாங்கள் வராமல் எனக்குத் திருமணமா என்று அரசியார் அழுதுகொண்டே சொன்னது, மணநாளில் அரண்மனைக்கு வந்து நிற்கக் கடவீர் என்று ஓலையாயிற்று. ஆணைப்படி ஊராரோடு கிழக்கு வாசலில் வந்து நிற்பேன் என்று தாங்கள் எழுதினீர்கள். குடிகள் நிற்கும் கிழக்கு வாசலிலிருந்து மணமேடை கண்ணுக்கே தெரியாது.

அந்த மறுமொழியைப் படித்த பின்னரே அரசியார் ஓலைக்கூடத்துக்குத் தாமே வந்து, மூன்று ஓலைகளின் படிகளையும் வாங்கிப் படித்தார். முத்திரை இரக்கலாகாது என்று ஓலைநாயகம் விதியை எடுத்துரைத்தார். முத்திரைக்குத் தாய் வேண்டாம், எனக்கு வேண்டும் என்றார் அரசியார். அருகிலிருந்த நன்மாறனார், தம் பெயரைவிட ஆசிரியையின் பெயரையே அரசியார் அதிகம் உச்சரிப்பதால், அவரைக் கண்டு வணங்கிவிட்டுத்தான் மணமேடை ஏறத் துணிவு வரும் என்றார். அரசியார் சினத்தின் நடுவிலும் சிரித்துவிட்டார். இப்போது எழுதுவோனின் தோளருகே நின்று, ஒவ்வொரு சொல்லையும் படித்துப் பார்த்தே மேலே எழுத விடுகிறார்.

ஆகவே அரசியார் இடும் ஆணைகள் இவை. புன்னைத்துறை ஊர் இனி எக்காலத்தும் ஊறுகாய் வரி செலுத்த வேண்டுவதில்லை; நின்ற சேவகர் ஊர்த்தலைவரிடம் பொறுத்தருளக் கேட்டுத் திரும்பக் கடவர். அரசருக்குக் கற்பித்தவர் தலைநகரில் தங்கலாகாது என்னும் வழக்கம் இன்றோடு ஒழிந்தது. அதை எடுத்துப் பேசுவோர் அரசியாரிடம் நேரில் வந்து பேசக் கடவர். அரசியாரின் சொந்தப் படகு இவ்வோலையோடு தங்கள் துறையில் வந்து நிற்கும். தாங்கள் வர மனமில்லை என்றால் அது வெறுமையாகத் திரும்பும், எவரும் தங்களை வற்புறுத்தலாகாது.

ஆணைகள் முடிந்தன. மீன் பொறித்த முத்திரை இவ்விடத்தில் இடப்பட்டது. இதற்குக் கீழே வருவது ஆணையன்று; முத்திரைக்கு அதன்மேல் உரிமையுமில்லை. அரசியார் கூடத்திலிருந்த அனைவரும் கேட்க உரக்கச் சொன்னார். ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதப்படுகிறது.

அம்மா, அன்று படித்துறையில் கேட்க வந்தது இதுதான். போகாதீர்கள். இப்போதாவது வந்து, என் கையை எடுத்து அவர் கையில் வையுங்கள். அதன்பிறகும் என்னோடு இருங்கள்.