தக்காளி பொறுக்கினேன்

செவ்வாய்க்கிழமை, இரவு

பட்டாசுக் கம்பெனி விபத்தில் வெந்த கைகள் இரண்டும் ஆறிவிட்டன. விரல் நுனிகளில் மட்டும் இன்னும் உணர்ச்சி வரவில்லை. இன்று முதல் தடவையாகத் தனியாகக் காய்கறிக் கடைக்குப் போனேன். தக்காளியை அழுத்தினேன். காயா பழமா என்று விரலுக்குத் தெரியவில்லை.

கடைக்கார அக்கா, "நீங்க ஏன் சிரமப்படுறீக? நான் பொறுக்கித் தாரேன்" என்றார்.

"இருக்கட்டும்க்கா, நானே பாத்துக்கிறேன்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். மணிக்கட்டின் உட்பக்கத்தில் தோல் பழையபடியே இருக்கிறது. ஒவ்வொரு தக்காளியையும் அங்கே வைத்து, மறு கையால் மெல்ல அழுத்திப் பார்த்துத்தான் எடுத்தேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் தக்காளியைத் தரையில் கொட்டிப் பார்த்தார். இரண்டு அழுகல்.

"நான் வாங்கியாரேன்னு சொன்னேன்ல?"

"மத்ததெல்லாம் நல்லாத்தான இருக்கு?" என்றேன்.

அழுகிய இரண்டையும் நான் எறியவில்லை. மணிக்கட்டில் வைத்துத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். பழம் அமுங்கினால் திரும்ப எழுகிறது. அழுகல் அமுங்கினால் அப்படியே கிடக்கிறது. இனி ஏமாற மாட்டேன்.

நாளைக்குக் கத்தரிக்காய் வாங்க வேண்டும். அவர் முந்திக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று, கடைப்பையைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்திருக்கிறேன்.