கறுப்புக் கணவாயின் கற்படிகள்

ஜூன் 14, சனி

பனி உருகி வழி திறந்ததும் இந்த வருஷத்தின் முதல் சுற்று. மறுபடியும் கற்படிகளில் விழுந்தேன்.

எங்கள் வாசலில் தொடங்கி, காட்டுப்பாதை ஏறி, மேய்ச்சல் வெளியைத் தாண்டி, கறுப்புக் கணவாய்க்கு மேலே போய், மறுபக்கம் கற்படிகளில் இறங்கி, ஆற்றோரமாக வீட்டுக்கே திரும்புகிற சுற்று. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதைச் சைக்கிளில் ஓட்டுகிறேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அது எல்லாருக்கும்தான். ஆனால் இறக்கத்தில் என்னை முந்த இந்தப் பள்ளத்தாக்கில் ஆள் இருந்ததில்லை. போன இலையுதிர் காலத்தில்தான் அந்தப் படிகளில் காலை ஊன்ற ஆரம்பித்தேன். இன்று ஊன்றக்கூட நேரமில்லை. முன்சக்கரம் கல்லில் மோதியது. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

பார்ப்லா எனக்கு முன்பே இறங்கிவிட்டாள். பிள்ளைகள் வெளியூர் போன பிறகுதான் சைக்கிளையே தொட்டவள் என் மனைவி. கீழே நின்று உலர்ந்த பேரிக்காயை மென்றுகொண்டிருந்தாள்.

"டூமெங், அடிபட்டுச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்க?"

வேறு எப்படி வைத்துக்கொள்வதாம்?

ஜூன் 16, திங்கள்

பஸ் ஓட்டும் வேலை முடிந்து, சைக்கிளை நண்பன் கிளாவின் ரிப்பேர் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டயர் தேய்ந்துவிட்டது, கல்லில் பிடிப்பில்லை என்றேன். கிளா சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"டயர் நல்லாத்தான்டா இருக்கு. மேல உக்காந்திருக்கறதத்தான் மாத்தணும்."

பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மாட்டித் தொலை என்று புது டயரே போட்டுக்கொண்டு வந்தேன்.

ஜூன் 21, சனி

புது டயர். அதே இடம். அதே கல்.

மின்சார சைக்கிளில் சமவெளிக்காரர்கள் ஒரு கூட்டம் பின்னால் வந்தது. ஏற்றம் முழுக்கப் பேசிக்கொண்டே ஏறியவர்கள், ஒரு சொட்டு வேர்வை இல்லை. விழுந்து கிடந்த என்னைப் பார்த்து அதில் ஒருத்தர், "பெரியவரே, கை குடுக்கட்டுமா?" என்றார்.

பெரியவர்! அவருக்கு என்னைவிட வயது அதிகம் இருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

முழங்கை வீங்கியிருக்கிறது. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஜூலை 2, புதன்

தேவாலய வளைவில் பஸ்ஸின் இடது கண்ணாடியை நின்றுகொண்டிருந்த பால் லாரியில் உரசிவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. வெயில் கண்ணில் அடித்தது என்று சொன்னேன். வெயில் இருந்தது, உண்மைதான். ஆனால் முதுகுப் பக்கம் இருந்தது.

அதற்குள் கிளாவின் காதுக்கு எப்படிப் போனதோ, சாயங்காலம் தெருவில் பார்த்ததும் கத்துகிறான்: "என்னடா, பஸ்ஸுக்கும் டயர் மாத்தணுமா?"

என்ன ஆச்சு எனக்கு? தூக்கம் போதவில்லையா? கோபம் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 5, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

பார்ப்லா முதலில் இறங்கினாள். நான் கணவாய் மேட்டில் நின்று தண்ணீர் குடித்து, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, இன்று விடுவதில்லை என்று கிளம்பினேன். முதல் வளைவு சுத்தமாக வந்தது. இரண்டாவதும். அந்தக் கல்லை வலதுபக்கமாக ஒதுங்கித் தாண்டியே விட்டேன். கத்த வேண்டும் போல் இருந்தது. அப்போது என் இடது கைப்பிடி எதன் மேலோ இடித்தது. சைக்கிளோடு சரிந்தேன். திரும்பிப் பார்த்தால், பாதையோரத்தில் பார்ப்லா தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"வழியில ஏன் நிக்கற? பைத்தியமா உனக்கு?" கத்திவிட்டேன்.

அவள் திருப்பிக் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எங்க விழறன்னு பார்க்கத்தான் நின்னேன். நீ வர்றப்போ கைய ஆட்டினேன். கூப்பிடக்கூட செஞ்சேன்."

"காத்துல கேக்கல."

"சரி, கேக்கல. பார்க்கவுமா இல்ல?"

கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் சிவப்புச் சட்டை போட்டிருந்தாள். பாறையும் புல்லும் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில் சிவப்புச் சட்டை.

திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தில் சொன்னாள்: "தேவாலய வளைவுல பள்ளிக்கூடப் பிள்ளைங்க இடதுபக்கமிருந்துதானே ரோட்டக் கடக்கும்?"

ஜூலை 6, ஞாயிறு

அவள் தேவாலயத்துக்குப் போயிருந்தபோது முற்றத்தில் நின்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்வீட்டு வைக்கோல் கொட்டகையைப் பார்த்தேன்.

கூரை இருக்கிறது. கதவு இல்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுகூட இல்லை, ஒன்றுமே இல்லை. தலையைத் திருப்பினால் கதவு வருகிறது, கூரை போகிறது.

எப்போதிருந்து? வலது கண் இதையெல்லாம் இட்டு நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறது, திருட்டுத்தனமாக. நான் டயர் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

காலையில் சட்டை மாட்டும்போது பார்ப்லா கதவை மறித்து நின்றாள்.

"இன்னிக்கு வண்டி எடுக்காதப்பா."

"கண் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"டாக்டர் சொல்றதுக்குள்ள ஒரு பிள்ள குறுக்க வந்துட்டா?"

"எனக்குச் சொல்லித்தர்றியா? பஸ் ஓட்டறது நீயா நானா?" — என்னென்னமோ சொன்னேன். அவள் நகர்ந்துகொண்டாள். நடந்தே பணிமனைக்குப் போனேன். இருக்கையில் உட்கார்ந்து இன்ஜினையும் போட்டேன். இடது கண்ணாடியைப் பார்க்க முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது. எத்தனை மாதமாக இப்படித் திருப்புகிறேன் என்று யோசித்தேன்.

இன்ஜினை அணைத்துவிட்டு மேலாளர் லூட்சியாவிடம் போய்க் கண் விஷயத்தைச் சொன்னேன். அவள் சாவியை வாங்கிக்கொண்டு, "நான் எடுத்துட்டுப் போறேன். நீங்க வீட்டுக்குப் போங்க டூமெங்," என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம். அட, ஒரு முறை "நிஜமாவா?" என்றாவது கேட்டிருக்கலாம். என் பஸ் என் கண் முன்னால் கிளம்பிப் போனது.

ஜூலை 11, வெள்ளி

கண் மருத்துவர் இளம்பெண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரித்துவிட்டதாம். போனது போனதுதான். மிச்சத்தைச் சொட்டு மருந்து காப்பாற்றும் — காப்பாற்றலாம் என்றார். பஸ் இனி கிடையாது.

"சைக்கிள்?" என்றேன்.

"எந்த மாதிரிப் பாதை?"

"ஆற்றோரப் பாதை," என்றேன். பக்கத்தில் பார்ப்லா தொண்டையைச் செருமினாள். மருத்துவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அந்த ஆறு எவ்வளவு உயரத்துல ஓடுது?" என்று கேட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

மருந்து எரிகிறது. எல்லாம் எரிகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பணிமனையில் மேசை வேலை கொடுத்திருக்கிறார்கள். யார் எந்தத் தடத்தில் போவது என்று நான் சொல்ல வேண்டும், அவர்கள் போவார்கள். ஜன்னல் பக்கமே பார்ப்பதில்லை.

இன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பார்ப்லா முற்றத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ போ. எனக்காக வீட்டுல உக்காந்து கிடக்காத."

"உனக்காக ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

"தனியா போக எனக்குப் பயம்." துணியை உதறினாள். "உனக்குக் கண்ணுதானே போச்சு. மேல ஏறிவர காலு இருக்குல்ல? வர்றதுன்னா வா. இல்லன்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு என் முன்னால நடமாடாத."

போகவில்லை. இரண்டு பேரும் நாள் முழுக்கக் கதவுகளை அறைந்து சாத்திக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 16, சனி

போனோம்.

ஏற்றத்தில் நான் அவளுக்கு முன்னால் போனேன். கால் இன்னும் சொன்னபடி கேட்கிறது. கணவாயில் காற்று ஆளைத் தள்ளியது. அவள் கையை மட்டும் அசைத்துவிட்டுப் படிகளில் இறங்கினாள். நான் முதல் படிக்கு முன்பே சைக்கிளை விட்டு இறங்கி, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு படியாக. ஒவ்வொரு படியிலும் எரிச்சல். பின்னால் வந்த ஒரு பெண் "வழி விடுங்க!" என்று மணியடித்தாள். விட்டேன்.

கீழே பார்ப்லா நிற்பாள், பேரிக்காய் மென்றுகொண்டு பரிதாபமாகப் பார்ப்பாள், அப்போது என்ன சொல்வது என்று வழி நெடுகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அவள் அங்கே இல்லை. நிற்காமல் போய்விட்டிருந்தாள்! வந்த கோபத்தில் மிச்ச இறக்கம் முழுவதையும் ஓட்டியே தீர்த்தேன். ஆற்றோரச் சாப்பாட்டுக் கடையின் வெளி பெஞ்சில் உட்கார்ந்து பார்லி சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எங்க?"

"ஆறிப்போச்சு. உன்னோடதத்தான் குடிச்சிட்டிருக்கேன். மெதுவா வந்தா அப்படித்தான்."

இன்னொரு சூப் கொண்டுவரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்; அவள் என் இடதுபக்கம் இருந்தாள். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள், பின்னால் சுற்றி வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கும் எரிச்சல் வந்தது. ஆனால் அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. மீசை மாதிரி சூப் ஒட்டியிருந்தது. சொல்லவில்லை.