குடலுக்குள் இருந்த கூட்டம்

மார்ச் 2

தம்பிக்கு,

ஒன்பது வருடம் கழித்து எழுதுவதால் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினேழு நாளும் நீ எட்டிப் பார்க்கவில்லை. அது அப்படியே இருக்கிறது. போனில் பேச இஷ்டமில்லை.

குடல் கிருமிகளை ஆராய்கிறவன் நீ, உன் தொழில் சம்பந்தமாக ஒரு கேள்வி. பல்லில் சீழ் வைத்து ஒரு மாதம் கிருமிக்கொல்லி மாத்திரை தின்றேன். அதிலிருந்து வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. பதினொரு கிலோ இறங்கிவிட்டேன். கீரை, பயறு, பழம் எல்லாவற்றையும் நிறுத்தி வெள்ளை ரொட்டி மட்டும் தின்கிறேன். அப்படியும் நேற்று ரத்தம். நார்ச்சத்து எனக்கு ஏன் செரிக்கவில்லை?

ரத்தம் போனது உன் அண்ணிக்குத் தெரியாது.

அண்ணன்

மார்ச் 6

அண்ணா,

நார் யாருக்கும் செரிப்பதில்லை. அதை வெட்டும் கத்தரி மனித உடம்பில் கிடையாது. பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைப் புளிக்கவைத்துத் தின்கின்றன. அவை கழிக்கும் அமிலம்தான் குடல் சுவருக்குச் சாப்பாடு. மாத்திரை அந்தக் கூட்டத்தைக் கொன்றது. மிஞ்சியதை நீ ரொட்டி தின்று பட்டினி போட்டாய். நார் கிடைக்காவிட்டால் அவை சுவர்மேல் இருக்கும் வழவழப்பான போர்வையையே அரித்துத் தின்னும்.

உடனே டாக்டரிடம் போ. ரத்தத்தைச் சொல். ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தைப் பக்குவப்படுத்திக் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சை இருக்கிறது. சிரிக்காதே. என் கல்யாணத்தில் என்னைச் 'சாக்கடை டாக்டர்' என்று கூப்பிட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாயே, அதே சாக்கடைதான்.

தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

போனேன். நீ சொன்னதையே அவரும் சொன்னார். காலி வீட்டில் கெட்ட கிருமி ஒன்று புகுந்துகொண்டதாம். உன் அண்ணி சர்க்கரைக்காரி, அவளுடையது ஆகாது. "கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். யோசிக்கவேயில்லை. ஒன்பது வருடப் பழக்கம். படிவத்தில் எழுதிக்கொண்டார்.

இன்று காலை குளியலறைத் தரையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கதவைத் தாழ் போட்டிருந்தேன். "என்னங்க, என்னங்க" என்று அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தவழ்ந்து போய்த் தாழை எடுத்தேன்.

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. பயமாயிருக்குடா. அவ்வளவுதான்.

மார்ச் 15

அண்ணா,

டாக்டருக்குப் போன் போட்டேன். "அவருக்குக் கூடப் பிறந்தவங்க இல்லையே, நீங்க யாரு?" என்றார். "சாக்கடை டாக்டர்" என்றேன்.

ரத்தமும் மற்றதும் சோதனைக்குக் கொடுத்துவிட்டேன். முடிவு வர எட்டு நாள். உனக்குக் கொடுக்கத் தேறுவேனா என்று எனக்கும் பயம்தான். அதுவரை கதவைத் தாழ் போடாதே.

வியாழக்கிழமை வருகிறேன். 'அம்மாவுக்கு வராதவன் எனக்கு எதுக்கு வந்தே?' என்று கேட்பாய். கேள். கேட்க நீ இருக்க வேண்டும்.

உன் தம்பி