கடைத் தயிர்

செவ்வாய், இரவு

கலாவுக்கு ஏழாம் மாதம். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை ஏறித்தான் இருந்தது.

"இனிப்பே தொடறதில்லைங்க. சாயங்காலம் இந்தப் பழத்தயிர் ஒரு கப்பு, அவ்ளோதான்" என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா கப்பைத் திருப்பிப் படித்தார்.

"பாலுக்கு அடுத்தது சர்க்கரைதான்மா ஜாஸ்தி. யாரு வாங்கினது?"

"நான்தாங்க" என்றாள் கலா. 'கொழுப்பு இல்லாதது' என்ற பெரிய எழுத்தை நம்பி மூன்று வாரமாக வாங்கி வந்தவன் நான். வாயைத் திறக்கவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கம்மியாகலைன்னா இன்சுலின் போட்டே ஆகணும்" என்றார் டாக்டரம்மா.

மதியம் வேங்கிக்கால் வீட்டுக்குத் திரும்பினோம். வந்ததும் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றினேன். இரவுக்குள் கெட்டியாகத் தோய்ந்துவிட்டது. வெள்ளரிக்காய் துருவிப் போட்டு, உப்பு கம்மியாகச் சேர்த்துக் கொடுத்தேன். சாப்பிட்டாள்.

போன வருடம் ஆறாம் மாதத்தில் எங்கள் குழந்தை தங்கவில்லை. காரணம் யாருக்கும் தெரியவில்லை.

"அப்பவும் நான் வாங்கிக் குடுத்தது ஏதாவதா இருக்குமா?" என்று கேட்டுவிட்டேன்.

"படுங்க" என்றாள்.

இல்லை என்று சொல்லவில்லை.