பிடிமானம் என்ற பெயரைப் பதிய மறுத்தது பற்றி

அனுப்புநர்:
குழந்தையின் அத்தை,
துணி தேய்க்கும் கடை,
மருத்துவமனைப் பின்வாசல் தெரு.

பெறுநர்:
உயர்திரு தலைமைப் பதிவாளர் அவர்கள்,
பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம்,
மேல்மாடி.

பொருள்: என் தம்பி மகனுக்கு வைத்த 'பிடிமானம்' என்ற பெயருக்கு மூலமும் பொருளும் கேட்டது – கேட்டதைக் கொடுப்பது – கேட்டவர் மீது புகார் செய்வது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் சுருக்கம் விழுந்திருந்தால் தாங்களே இஸ்திரி போட்டுப் படித்துக்கொள்ளவும்.

1. தங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், இரண்டாவது ஜன்னலில் ஒரு எழுத்தர் இருக்கிறார். தன் சட்டைப்பை நிறையப் பேனா வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் பேனா கேட்பவர் என்றால் தங்களுக்கே விளங்கும். குழந்தையின் பெயரைப் பதிய நானும் தம்பியும் தம்பி மனைவியும் அவரிடம் போனோம். எங்களோடு தம்பியின் குழுவில் வேலை செய்யும் கயிற்றுக்காரரும் வந்தார். எழுத்தர் பெயரைப் படித்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, இது ஆளுக்கு வைக்கிற பேரா, கதவுக்கு வைக்கிற சாமானா என்று கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி கேட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. காத்திருந்து சலித்துப் போனவர்கள், பாவம், எதற்கும் சிரிப்பார்கள். அவர்கள் மீது எனக்குப் புகார் இல்லை.

2. பிறகு அவர் கைபேசியைத் திறந்து, எங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, சில பெயர்களை வாசித்தார். ஒன்று கொசு மருந்து மாதிரி இருந்தது. ஒன்று இருமல் மருந்தே தான். கடைசியில் தன் மகன் பெயரையே வைத்துக்கொள்ளும்படி தாராளமாகச் சொன்னார். அதற்கு என்னங்க அர்த்தம் என்று பணிவாகத்தான் கேட்டேன். ஸ்டைலா இருக்கும்மா என்றார். அந்தப் பெயருக்கு எந்த ஜன்னலிலும் யாரும் மூலம் கேட்டதாகத் தெரியவில்லை. எங்களை மட்டும் மூலமும் பொருளும் எழுதிக் கொண்டு வரச் சொன்னார்.

3. மூலம் பின்வருமாறு. என் தம்பி உயரமான கட்டடங்களுக்கு வெளிப்புறம் பெயிண்ட் அடிப்பவன். மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் பலகை தொங்கும். பலகையில் தம்பியும் அவன் கூட்டாளியும். மேலே கயிற்றைக் கவனிப்பவர்தான் கயிற்றுக்காரர். முடிச்சுகளைச் சோதித்து, காலை ஊன்றி, கயிறு கைக்கு வந்த பிறகு அவர் 'பிடிமானம்' என்று உரக்கச் சொல்வார். அந்தச் சொல் காதில் விழாமல் ஒருவனும் சுவரைத் தாண்டிக் காலை வைக்க மாட்டான். அது அவர்கள் தொழிலின் ஒழுங்கு.

ஒருநாள் கயிறு கட்டியிருந்த இரும்பு வளையம் சுவரோடு பெயர்ந்து வந்துவிட்டது. கயிற்றுக்காரர் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் காலை முட்டுக் கொடுத்து, இரண்டு பேரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறக்கினார். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. இறங்குகிறவர்கள் பயப்படக் கூடாதென்று, கடைசிவரை அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து அதுதான் அவர் பெயர். அவர் வீட்டுக்காரம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறார். சண்டை வந்தால் மட்டும் சொந்தப் பெயர். அவருக்குப் பிள்ளை இல்லை. அதனால் தம்பி தன் பிள்ளைக்கு வைத்தான்.

4. பொருள்: நீ காலை எடுத்து வை, நான் இருக்கிறேன். இதற்கு மேல் பொருள் வேண்டுமென்றால் எழுத்தரைப் பலகையில் உட்கார வைத்துத்தான் விளக்க முடியும். அதற்கும் தம்பி தயார்.

5. இனி உண்மையான புகார். கூடம் சிரித்தபோது கயிற்றுக்காரர் எங்கள் பின்னால் குழந்தையின் துணிப்பையோடு நின்றிருந்தார். "விடு தங்கச்சி, புள்ளைக்கு வேற நல்ல பேரா வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பெருமாள் மாடு மாதிரி தலையாட்டுகிற மனிதர் அல்ல அவர். என் கிண்டலுக்கெல்லாம் பதில் கிண்டல் செய்கிறவர். இப்போது என் கடைப் பக்கமே வருவதில்லை. குழந்தையைத் தூக்குவதும் இல்லை.

வேலைக்குப் போகிறார். முடிச்சுப் போடுகிறார், சோதிக்கிறார், காலை ஊன்றுகிறார். அந்தச் சொல்லை மட்டும் சொல்வதில்லை. சரி, எறங்குங்க என்கிறார். "கயிறும் அதேதான், ஆளும் அதேதான், கால் மட்டும் வெளியே போக மாட்டேங்குதுக்கா" என்கிறான் தம்பி. கட்டடம் பாதிச் சுவர் புதுசாகவும் பாதிச் சுவர் பழசாகவும் நிற்கிறது. இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு கயிற்றுக்காரரை வைப்பதாக மேஸ்திரி சொல்லிவிட்டார். ஒரே ஒரு கிண்டலில் ஒரு கட்டடத்தையே நிறுத்தி வைத்தது பெரிய சாமர்த்தியம். தன் மேசையில் மட்டும் காட்டிவந்த திறமையை எழுத்தர் இப்போது வெளி இடங்களுக்கும் விரிவுபடுத்தியிருக்கிறார் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

6. ஆகவே குழந்தையின் பெயரை எழுதியபடியே பதிந்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுத்தரைத் தண்டிக்க வேண்டாம். மாற்றலும் வேண்டாம், இன்னொரு ஊர் என்ன பாவம் செய்தது. அவர் மன்னிப்புக் கேட்பதும் வேண்டாம், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

தங்கள் அலுவலகத்தில் சான்றிதழ் தயாரானதும் ஜன்னலிலிருந்து குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். இந்தப் பெயரை அந்த எழுத்தரே, கூடம் நிறைந்திருக்கும் நேரத்தில், உரக்கக் கூப்பிட வேண்டும். எழுந்து போய் வாங்கப் போகிறவர் கயிற்றுக்காரர். அவரை எப்படியாவது கூட்டி வருவது என் பொறுப்பு. எழுத்தரின் வாயைத் திறக்க வைப்பது தங்கள் பொறுப்பு.

இடம்: அலுவலக வாசல் பெஞ்சு
நாள்: செவ்வாய்க்கிழமை, மதிய உணவுக்காக ஜன்னல் மூடியிருந்த நேரம்

கேட்டதை எழுதிக் கொடுத்தவள்,
(ஒப்பம்)
குழந்தையின் அத்தை