நீ செங்கடல் தாண்டிப் போன பிறகு

குவைத்

அன்புள்ள தெம்யானா,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடும் அம்மாவோடும் இருக்கட்டும். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

தினம் ஓர் அதிகாரம், இருவரும் ஒரே அதிகாரம் என்று பேசிக்கொண்டுதானே ஆதியாகமத்தில் சேர்ந்து கிளம்பினோம்? நீ கோயில் வேதபாட வகுப்பில் சேர்ந்தாய். இப்போது யாத்திராகமத்தில் செங்கடலையே தாண்டிவிட்டாய். போனை எடுத்தால், "நாதி வாத்தியார் என்ன அழகா சொன்னார் தெரியுமா!" நாதி சொன்னார், நாதி அழுதார். எனக்கு வயிறு எரிகிறது.

உன்னைப் பிடிக்க, நேற்று வேலையிடத்தில் நாலு அதிகாரம் ஓட்டினேன். குழைத்த சிமெண்டு வாளியிலேயே இறுகிவிட்டது. மேஸ்திரி கத்தியதோடு சரி, கவலைப்படாதே. அறைத்தோழன் ரிஃப்அத்துதான் விடவில்லை: "ஏன்டா, வேதம் என்ன ஒட்டகப் பந்தயமா? யாரை முந்தப் பாக்குற?"

வெட்கமாகிவிட்டது. சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து மெதுவாக வாசித்தேன். ராகேலுக்காக யாக்கோபு அந்நிய ஊரில் ஏழு வருடம் உழைத்தானாம். அது அவனுக்குச் சில நாள் போலத்தான் இருந்ததாம். எனக்கு இரண்டு வருடமே நகரவில்லை. புளுகு என்று கோபம் வந்தது. மறுபடி வாசித்தேன். அவனுக்கென்ன, ராகேல் கண்ணெதிரே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள்!

என் வேதத்தின் தையல் விட்டுப்போயிற்று. ஊரிலிருந்து யாராவது வந்தால் கெட்டி நூல் கொடுத்தனுப்பு. இங்கேயும் கிடைக்கும், ஆனாலும் உன் பெட்டியிலிருந்தே அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. யாக்கோபின் அந்த ஏழு வருடத்துக்கு நாதியிடம் விளக்கம் கேட்காதே. ஒருநாள் மட்டும் செங்கடலிலிருந்து திரும்பி வந்து, அந்த அதிகாரத்தை என்னோடு வாசி.

உன் வஹீப்