ஆறு சாண் மேசை

அன்புள்ள நண்டின் அப்பாவுக்கு,

இங்கே நானும் நம் மகள் நண்டும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதும்போதே, உங்கள் தீவில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ என்று ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே விடாத மழை. துவைத்த துணி காயாமல் எல்லா நாற்காலி முதுகிலும் தொங்குகிறது. யாரோ விருந்தாளிகள் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. உங்கள் நீலச் சட்டையையும் சும்மா ஒருமுறை அலசி அவர்களோடு உட்காரவைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. கிரேன் வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா, நீ சொல்வதுதான் முடிவு என்று எழுதியிருந்தீர்கள். ‘போடுங்கள்’ என்று ஆரம்பித்து ஒரு வரி எழுதினேன். அந்தத் தாள் இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது. நீங்கள் அடுக்கியிருந்த காரணங்களில் ஒரு குறையும் இல்லை. அதற்குள் பள்ளியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு டீச்சர்தான் ஃபோன் செய்தார். பயப்பட ஒன்றுமில்லையாம். நண்டு கூட்டலும் கழித்தலும் நன்றாகத்தான் போடுகிறாளாம். நீளம் அளக்கும் பாடம் தொடங்கியதிலிருந்து இவள் விடை மட்டும் தனியாக நிற்கிறதாம், திருத்தினால் கண்ணைக் கசக்குகிறாளாம். ஒருநாள் வந்து வகுப்பில் உட்கார்ந்து பாருங்களேன் என்றார். அச்சகத்தில் அரைநாள் விடுப்புக் கேட்டேன். மேனேஜர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, “போய் நல்லா கணக்குப் படிச்சிட்டு வாங்கம்மா, சம்பளத்துல பிடிக்கிறப்போ புரியும்” என்றார். பிடிக்கமாட்டார், வாய் மட்டும்தான்.

கடைசி வரிசையில் ஒரு குட்டி நாற்காலி கொடுத்தார்கள். முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்தேன். வெளியே மழை வெளிச்சம். உள்ளே எல்லாம் லேசான பச்சையாக, மீன்தொட்டிக்குள் இறங்கிவிட்டதுபோல் இருந்தது. குழந்தைகள் வாயைத் திறந்து மூடியதும் கொஞ்சம் பொறுத்துத்தான் சத்தம் என்னிடம் வந்து சேர்ந்தது. நண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை முன்னேபின்னே தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள். சிரிப்பு வரும்போது நீங்கள் வைத்துக்கொள்ளும் அதே முகம்.

டீச்சர் எல்லோரையும் தங்கள் கையாலேயே மேசையை அளக்கச் சொன்னார். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஒரு சாண். உடனே வகுப்பு முழுவதும் கைகள் நடக்க ஆரம்பித்தன. விரல்கள் பலகையில் ஊன்றி ஊன்றிப் போகும் ஓசை, மழை உள்ளேயும் வந்துவிட்டதுபோல் இருந்தது. நான் எதற்கு வந்தேன் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துபோனேன்.

அப்போதுதான் நண்டைப் பார்த்தேன். ஒரு சாண் வைத்தாள். பென்சில் டப்பாவைத் திறந்து ஓர் ஐஸ் குச்சியை எடுத்தாள். சுண்டுவிரல் நுனியில் குச்சியை ஒட்டிவைத்தாள். குச்சி முடிந்த இடத்திலிருந்து அடுத்த சாண், மறுபடியும் குச்சி. பக்கத்திலிருந்த பொக்கைவாய்ப் பையன் இதைப் பார்த்துவிட்டு, “டீச்சர், இவ ஏமாத்துறா, குச்சி வெச்சிருக்கா” என்று கத்தினான். எல்லோருக்கும் ஏழு, எட்டு என்று வந்தது. இவளுக்கு நாலு. “உனக்கு மட்டும் என்ன ராட்சசன் கையா?” என்றான் அவன்.

நண்டு அழவில்லை. “இது என் கை இல்ல, எங்க அப்பா கை” என்றாள்.

அந்த வாயாடி சும்மா இருப்பானா? “அப்ப உங்க அப்பாவையே கூட்டிட்டு வா, அவரே வந்து அளக்கட்டும்” என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஏழு, எட்டு என்று கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் அந்த நாலையும் எழுதினார். எறும்பும் தன் கையால் எண் சாண் என்பார்களே, என் மகள் மட்டும் தன் கையால் தன்னை அளந்துகொள்ளக் காணோம் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா? நீங்கள் கிளம்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் இருவரும் ஐஸ் தின்றுகொண்டிருந்தீர்கள். சாப்பாட்டு மேசையை அளந்து, ஆறு சாண் என்று பெருமையடித்தீர்கள். “நீ போனப்புறம் நான் எப்படிப்பா அளக்கறது?” என்று கேட்டாள். அவள் கையை விரித்துவைத்து, அதன்மேல் உங்கள் கையை வைத்து, மிச்சமிருந்த நீளத்துக்குக் குச்சியை வைத்துப் பார்த்தீர்கள். கச்சிதமாகப் பொருந்தியது. “உன் கை, அப்புறம் இந்தக் குச்சி. அவ்வளவுதான் அப்பா கை” என்றீர்கள். அப்போது அவளுக்கு நாலு வயது. நான் அதை மறந்துவிட்டேன். அந்தக் குச்சியைக் குப்பை என்று ஒருமுறை தூக்கிக்கூடப் போட்டேன். அவள் அழுத அழுகையில் கூடையைக் கவிழ்த்துத் தேடி எடுத்துக் கொடுத்தேன், ஏன் என்று தெரியாமலேயே.

பள்ளி விட்டு வந்ததும், காலிலிருந்த ஈரம்கூடக் காயாமல் நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போனாள். கை, குச்சி, கை, குச்சி. ஐந்தும் கொஞ்சமும் வந்தது. மறுபடி அளந்தாள். அதே ஐந்தும் கொஞ்சமும். “மேசை சுருங்கிடுச்சாம்மா?” என்று கேட்டாள். மேசை எங்கேயடி சுருங்கும், உன் கைதான் வளர்ந்துவிட்டது என்றேன். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குச்சி அப்படியே இருக்க, அவள் கை வளர வளர, அவளுடைய கணக்கில் உங்கள் கையும் வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் உலகத்தில் யாருக்கும் இல்லாத அளவுக்கு.

“அப்ப குச்சிய வெட்டணும். எவ்வளவும்மா வெட்டணும்?” என்று கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

மேசையை ஆறாகப் பிரித்தால் விடை வந்துவிடும். அது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

“அப்ப அப்பாவ கைய ஒரு பேப்பர்ல வரைஞ்சு அனுப்பச் சொல்லும்மா” என்றாள். மாதிரி காட்டுவதற்காக மேசையில் கிடந்த தாளை இழுத்து, தன் கையை விரித்துவைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்தாள். பிறகு உள்ளே அழுத்தி அழுத்தி வண்ணம் தீட்டினாள். நான் தடுப்பதற்குள் ‘போடுங்கள்’ என்று எழுதிய வரி அவள் உள்ளங்கைக்குள் போய்விட்டது. இப்போது வெளிச்சத்தில் பிடித்தாலும் படிக்க முடியவில்லை. நான் பிடித்துப் பார்த்தேன்.

அவள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். இனி நான் சொல்வது. கையை வரைந்து அனுப்பாதீர்கள். குச்சியை வெட்டாமல் டப்பாவிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அன்று நீங்கள் மேசையை அளக்கத் தொடங்கிய பக்கம் இருக்கும் நாற்காலியிலிருந்து மட்டும் ஈரத் துணியை எடுத்துவிட்டேன்.

அவள் கையை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு, கையெழுத்துக் கேட்பவர்களிடம் அங்கே என்ன சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள்.

உயரத்தில் ஏறும்போது கவனம். கடல் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

மேசையருகிலிருந்து,
உங்கள் நண்டின் அம்மா